ஜப்பான்காரர் தொட்டியில் சனிக்கிழமைக் குளியல்

அன்று அந்தக் குளியல் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். காசு வாங்கும் மேடையில் ஒரு அம்மாள். தொட்டிக்குள் ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர். அவருக்குப் பக்கத்தில் முட்டிவலிக்காரக் கிழவர் ஒருவர். தலையில் ஈரத்துண்டு போட்ட மீன்காரர். மூலையில், உடம்பெல்லாம் எண்ணெயோடு நான்.

நாற்பத்தாறாம் வருஷக் கடைசி. இடம் ஜப்பான். நான் மாரண்டஹள்ளிக்காரன். பட்டாளத்தில் சமையல் வேலை. சண்டை முடிந்து எங்கள் பட்டாளத்தை அங்கே காவலுக்கு அனுப்பினார்கள். கப்பலை விட்டு இறங்கியதும் எனக்குக் காய்ச்சல். என்னைத் துறைமுக ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு மற்றவர்கள் முகாமுக்குப் போய்விட்டார்கள். காய்ச்சல் விட்டதும் தனியாக ரயில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முகாமில் தலை எண்ணுவார்கள். அதில் நிற்காவிட்டால் ஓடிப்போனவன் என்று எழுதி, வேலையைப் பிடுங்கி, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அந்த வருஷம் மழை இல்லை. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஜப்பான் பேச்சு தெரியும் என்று சொல்லித்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். சண்டைக்காலத்தில் மலாயாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வீட்டில் மூன்று வருஷம் பாத்திரம் கழுவினேன். அவர் திட்டினதெல்லாம் மனப்பாடம். பிறகு ஊருக்கு வந்து ராகிக் காட்டில் களை பிடுங்கினேன். களையோடு அதுவும் போய்விட்டது. மிச்சம் நாலு சொல். வா, போ, சீக்கிரம், முட்டாள். அதில் எதையும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்ல முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அங்கே வேறு ரயில் மாற வேண்டும். எது என்று தெரியவில்லை. மாஸ்டரிடம் முகாம் இருக்கும் ஊர்ப் பெயரைச் சொன்னேன். சூரியன் எழும்புவதைக் கையால் காட்டினார். தன் மார்பைத் தட்டினார். காலையில் நானே ஏற்றிவிடுகிறேன் என்று புரிந்துகொண்டேன். நான் குளிரில் நடுங்குவதைப் பார்த்து, குளியல் கூடத்துக்கும் அவரே கூட்டிப்போனார்.

நான் புறப்பட்ட அன்று மொரப்பூர் ஸ்டேஷனில் என் சம்சாரம் ஒரு புட்டி நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலமும் மூட்டையில் திணித்தாள்.

"ஏங்க, எந்த ஊருக்குப் போனாலும் சனிக்கெழம எண்ண வெக்காம இருக்காதீங்க. சூடு கண்ணுக்கு ஏறிப்புடும்."

"அங்க பனி பெய்யுமாம்."

"பனி பெஞ்சா உங்க ஒடம்புல சூடு இல்லாம போயிருமா? பேசாம எடுத்துக்கிட்டுப் போங்க."

சனிக்கிழமை. சுடுதண்ணீரும் இருக்கிறது. விடுவேனா?

குளிக்க வந்த யார் உடம்பிலும் ஒரு நூல் துணி இல்லை. நான் கோவணத்தோடு நின்றேன். முட்டிவலிக் கிழவர் அதைப் பார்த்துவிட்டுத் தொட்டியிலிருந்து ஏறினார். நொண்டிக்கொண்டே போய்த் தன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து விரித்துக் காட்டினார். நம்மூர்க் கோவணமேதான். கொஞ்சம் அகலம். ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

எண்ணெய் தேய்த்து மூலையில் உட்கார்ந்து ஊறினேன். கிழவரும் மறுபடி இறங்க, தொட்டிக்குள்ளிருந்து மூன்று தலைகள் என்னையே பார்த்தன. பிறகு சீயக்காயை அப்பினேன். மொண்டு ஊற்றச் செம்பு இல்லை. மரக்கிண்ணங்கள் இருந்தன. அதில் சாப்பிடுவார்களோ என்று தொடவில்லை. எல்லோரும் தொட்டிக்குள் இருக்கிறார்களே என்று நானும் இறங்கினேன். வெளியிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும், அது ஊருக்கே பொதுத் தண்ணீர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

முங்கி எழுந்தேன். தொட்டி ரசம் மாதிரி இருந்தது. மேலே எண்ணெய், அடியில் மண்டி, ஓரத்தில் நுரை. மீன்காரர் எகிறி வெளியே குதித்தார். கிழவர் ஏறப்போய் வழுக்கி மறுபடியும் உள்ளே விழுந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். சீயக்காய்.

காலையில் என்னை ரயில் ஏற்ற வேண்டியவர் அவர்.

மன்னிப்புக் கேட்க ஒரு சொல்லும் வரவில்லை. விறைப்பாக நின்றேன். என் மார்பில் நானே குத்திக்கொண்டு, அந்த அதிகாரி கத்துகிற மாதிரியே கத்தினேன்.

"பகயாரோ!"

முட்டாள் என்று அர்த்தம். மலாயாவில் மூன்று வருஷம் என் பெயர் அதுதான். மறுபடியும் குத்திக்கொண்டு கத்தினேன். முதலில் மேடையிலிருந்த அம்மாள் சிரித்தாள். பிறகு மீன்காரர். கடைசியில், கண்ணைத் திறக்காமலே, ஸ்டேஷன் மாஸ்டர்.

தொட்டியைக் காலி செய்தேன். தேய்த்துக் கழுவினேன். கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பினேன். மீன்காரர் விறகு போட்டார். கிழவர் தன் முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். என் புட்டியைக் காட்டிக் கை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். சொன்னபடி என்னை ஏற்றி உட்கார வைத்து, கார்டிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. என் பெயர்.

முகாமுக்குள் நான் ஓடும்போது எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். கடைசியில் போய் ஒட்டிக்கொண்டேன். பக்கத்தில் எங்கள் சமையல்கட்டு மொரப்பூர்க்காரன்.

"மாமோவ், வந்துட்டீங்களா? நீங்க ஓடிட்டீங்கன்னு உங்க கம்பளிய நான் எடுத்துக்கிட்டேன்."

"குடுத்துரு."

"அதென்னங்க மாமா எண்ண வாசன? இந்த ஊர்ல உங்களுக்கு யாரு எண்ண வெச்சு உட்டது?"

"நான்தான் ஸ்டேஷன் மாஸ்டருக்கு வெச்சு உட்டேன்."

ஹவில்தார் எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பதில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். விரலை நீட்டினார்.

நாற்பத்தொன்று.