குறைவாக இருந்த புரதம்

இருதய நோய் பற்றிய ஒரு ஆய்வில் இரத்தம் எடுப்பது என் வேலை. நெஞ்சுவலியோடு கிளினிக்குக்கு வந்து, இருதய நாடிகளைப் படமெடுக்கும் அஞ்சியோகிராமுக்குத் திகதி வாங்கியவர்களிடம் ஒரு சிறு குழாய் இரத்தம் எடுப்பேன். உடலில் அழற்சி இருந்தால் கூடுகிற புரதம் ஒன்றை அதில் அளப்போம். அந்த அளவு கூடக் கூட இருதய நாடிகளின் அடைப்பும் கூடுகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

களுதாவளையிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். வெற்றிலைத் தோட்டக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஊசி குத்தும்போதும் கொடிகளுக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றியே பேசினார். அடுத்த கிழமை முடிவு கேட்டுத் திரும்பி வந்தார். ஆய்வு முடிவை நோயாளிகளிடம் சொல்லக் கூடாதென்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தில் அவ்வளவு பயம் இருந்தது.

"குறைவாத்தான் இருக்கு ஐயா, பயப்பிடாதீங்க."

"அப்ப பெரிசா ஒண்டுமில்ல, என்ன புள்ள?"

"ஓம்" என்றேன்.

அஞ்சியோகிராம் நாளில் அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, மாரடைப்போடு அம்புலன்சில் கொண்டுவந்தார்கள். மூன்று நாடிகளிலும் அடைப்பு. கொழும்பில் பைபாஸ் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் இருதயம் பலவீனப்பட்டுவிட்டது. பாரம் தூக்கக் கூடாதென்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. "நிறையப் பேரச் சேத்துப் பாக்கத்தான் அந்த அளவு. தனி ஒராளுக்கு அத வெச்சு ஒண்டும் சொல்லேலாது. உங்களுக்குத் தெரியுந்தானே?" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை களுதாவளைக்குப் போனேன். அவர் முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மனைவி தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்படாது ஐயா. என்னாலதான் நீங்க அண்டைக்கு வரல்ல."

அவர் நெஞ்சுத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"எனக்குப் பயம் புள்ள. வராம விடுறதுக்கு ஒரு சாட்டுத் தேடினன். அத நீங்க தந்தீங்க, அவ்வளவுதான்."

என் மனம் ஆறுவதற்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"இனி ஆருக்கும் அப்பிடிச் சொல்லிராதீங்க" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான்.

"சொல்ல மாட்டன் அக்கா."

அதன் பிறகும் எத்தனையோ பேர் முடிவைக் கேட்டுவிட்டார்கள். "டொக்டரிட்டக் கேளுங்க" என்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள்.