மிளகும் என் ஒற்றைச் செருப்பும்

நாய்களுக்கு இறுதிச் சடங்கு செய்துதரும் இடத்தில் ரிசப்ஷனிஸ்டாக இருப்பவள் அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. எனக்கு இரண்டுமே சட்டென்று வந்துவிடும் என்பதால்தான் இதையெல்லாம் எழுதித் தீர்க்க வேண்டியிருக்கிறது. நாய் வளர்த்து, செருப்பைப் பறிகொடுத்து, கடைசியில் நாயையும் பறிகொடுத்த சக துன்பவாசிகளே, நீங்கள் தாராளமாக இரண்டையும் செய்யலாம்.

இடம் தில்லியின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு மின்சார அடுப்பு, அதற்கு முன்னால் ஏசி போட்ட பிரார்த்தனை அறை, வாசலோரம் என் மேஜை. முதலாளி மல்ஹோத்ரா ஜி. அடுப்பையும் மற்ற எல்லா வேலைகளையும் பார்த்துக்கொள்பவர் தினேஷ் பையா. இங்கே பையா என்றால் அண்ணன். பிரார்த்தனை அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தில்லிக்காரர்கள் கோயில் வாசல்களில் செருப்பைத் தொலைத்துப் பழகியவர்கள். அதனால் எவ்வளவு அழுதுகொண்டு வந்தாலும், ஒரு கண் நாய் மேலும் இன்னொரு கண் செருப்பு மேலுமாகத்தான் நிற்பார்கள். இங்கே நடக்கும் பேச்செல்லாம் பெரும்பாலும் இந்தி. எனக்குத் தெரிந்த தமிழில் தருகிறேன்.

எந்தப் பிரிவு?

சைக்காலஜியில் பி.ஏ. முடித்த பிறகு ஏகப்பட்ட இன்டர்வியூக்களுக்குப் போனேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் எனக்கு என்னைப் பற்றி எல்லாமே மறந்துபோகும். மல்ஹோத்ரா ஜியும் அதையேதான் கேட்டார். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கூச்சத்தை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். "இந்த முகம்தான் நான் தேடிக்கிட்டிருந்த முகம்" என்று அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்குத்தான் சங்கடம். சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? "ஹாஸ்பிடாலிட்டி" என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள் போனில் விடாமல் துருவினாள். "ஹோட்டல்ல எந்தப் பிரிவு?" என் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

"செக்-அவுட்ல இருக்கா."

லேட்

எங்கள் வீடு துவாரகாவில், மூன்றாவது மாடி. அப்பா, அம்மா, நான், மிளகு. மிளகு கறுப்பு நாட்டு நாய். நான் ஆறாவது படிக்கும்போது மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் கத்திக்கொண்டிருந்தவனை அப்பா ஸ்வெட்டருக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அவனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். யாராவது "போயிட்டு வாரேன்" என்று சொன்னால் போதும், அவர்கள் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் அதன்மேல் படுத்துவிடுவான். ஒற்றைச் செருப்போடு யாரும் எங்கேயும் போய்விட முடியாது என்று எப்படியோ முடிவு கட்டியிருந்தான்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். "போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால், அம்மா திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி சரியாகச் சொல்லச் சொல்வாள். வேறு வழியில்லாமல் 'வருகிறேன்' என்பதை இந்தியில் சொல்ல ஆரம்பித்தோம். "ஆத்தா ஹூம்" என்பதை மிளகு ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். ஆங்கில 'பை'க்கு அவ்வளவுகூட ஆகவில்லை. ஒரு தமிழ்க் குடும்பத்தில் மும்மொழிக் கொள்கையை முழுசாக அமல்படுத்திக் காட்டிய பெருமை அவனுக்கே. கடைசியில், மூன்று பேரும் திருடர்கள் மாதிரி வாயைத் திறக்காமல் கிளம்பப் பழகினோம். "ஏட்டி, சத்தம் போடாம போ" என்று அம்மா கண்ணாலேயே சொல்வாள். அப்படியும் வாரத்தில் பாதி நாள் நான் கிளம்புவது அவனுக்குத் தெரிந்துவிடும். நான் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக் கெஞ்சிக் கூத்தாடி, ஈரச் செருப்போடு மெட்ரோவுக்கு ஓடுவேன். ஆபீஸ் போய்ச் சேரும்போது மல்ஹோத்ரா ஜி கடிகாரத்துக்குக் கீழேயே நின்றுகொண்டிருப்பார்.

"பேட்டா, இந்த ஆபீஸுக்கு லேட்டாகி வரவேண்டியது நாய் மட்டும்தான், ஸ்டாஃப் இல்லை."

சீனியாரிட்டி

ஒரே நேரத்துக்கு இரண்டு அரசாங்க வீட்டு நாய்கள் வந்துவிட்டன. ஒன்று, ஓய்வுபெற்ற ஜாயின்ட் செக்ரட்டரியுடைய டாபர்மேன். மற்றது, பதவியில் இருக்கும் ஒரு டைரக்டருடைய பக். யாருடையது முதலில் என்று பிரச்சினை. டைரக்டருக்கு மீட்டிங் இருந்தது. ஜாயின்ட் செக்ரட்டரிக்கு இனி எந்த மீட்டிங்கும் இல்லை என்பதுதான் பிரச்சினையே. "நான் இருந்த பதவி தெரியுமா?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். "நான் இருக்கிற பதவி தெரியுமா?" என்று இவர் கேட்டார். அதற்கும் தரைதான்.

தினேஷ் பையா இரண்டு ஸ்ட்ரெச்சர்களுக்கும் நடுவில் கைகட்டி நின்றார். அரை மணி நேரம் பேட்ச், கேடர், எந்த அமைச்சகம் என்று போயிற்று. நாய்கள் மட்டும் பொறுமையாக இருந்தன. கடைசியில் டைரக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, ஃபைலில் கையெழுத்துப் போடுகிற குரலில் சொன்னார்.

"சரி சார், உங்க நாய் நேத்து சாயங்காலமே ரிட்டயர் ஆயிடுச்சு, எங்களது இன்னிக்குக் காலையிலதான். நீங்கதான் சீனியர், போங்க."

செவ்வாய்க்கிழமை

தில்லியில் கறி சாப்பிடுபவர்கள்கூட அனுமாருக்காகச் செவ்வாய்க்கிழமை சைவமாக இருப்பார்கள். இது எல்லா நாளும் சுத்த சைவக் குடும்பம். வீட்டில் வெங்காயம்கூடக் கிடையாதாம். அவர்களுடைய லாப்ரடாருக்கும் சின்ன வயதிலிருந்து பன்னீர், தயிர் சாதம், கேரட். அந்த அம்மாள் உள்ளே வரும்போதே அடுப்பைப் பார்த்து, "இதுல நான்-வெஜ் நாய்களையும் வைப்பீங்களா?" என்று கேட்டாள். மாமிசம் தின்ற நாய்க்குத் தனி அடுப்பு, தின்னாத நாய்க்குத் தனி அடுப்பு என்று எங்களிடம் இல்லை.

கடைசியாக நாய்க்குப் பிடித்ததை வாயருகே வைக்கலாம் என்பது இங்கே வழக்கம். அம்மாள் ஒரு டப்பாவைத் திறந்து பன்னீரை வைத்தாள். அவள் கணவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பன்னீருக்குப் பக்கத்தில் வைத்தார். அறை முழுக்கச் சீக் கபாப் வாசனை. சாயங்காலம் அவரும் நாயும் அவ்வளவு நேரம் எங்கே வாக்கிங் போனார்கள் என்பது அந்த அம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போனார்.

"நாங்க ரெண்டு பேரும் சுத்த சைவம்தான், சுனிதா... செவ்வாய்க்கிழமை மட்டும்."

ராசா தங்கம்

அஸ்தி வைக்கும் சின்ன மண்குடத்தில் நாயின் பெயரை எழுதி ஒட்டுவது தினேஷ் பையாவின் வேலை. ஒரு நாள் மதுரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று வந்தது. நான் டீ வாங்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் பையா அந்த அம்மாவிடம், "நாம் க்யா ஹை?" என்று பெயரைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு இந்தி காதில் விழுகிற நிலைமை இல்லை. "ஏ ராசா... என் தங்கம்..." என்று அழுதிருக்கிறார். முழுப் பெயரும் கிடைத்துவிட்டது என்ற திருப்தியில் பையா எழுதி ஒட்டிவிட்டார்.

நான் திரும்பி வந்து பார்த்தால் குடத்தின் மேல் 'ராசா தங்கம்'. ரிஜிஸ்டரில் 'டாமி'. சீட்டை மாற்றித் தருகிறோம் என்று மன்னிப்புக் கேட்க, எனக்குத் தெரிந்த எல்லாத் தமிழையும் திரட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா குடத்தை என் கைக்கு எட்டாமல் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"டாமின்னு பேர் வச்சது இவரு. நான் ஒரு நாளாச்சும் அப்படிக் கூப்பிட்டிருப்பனா? இதுதாம்மா அவன் பேரு, இருக்கட்டும் விடு."

ஓவர்ஆக்டிங்

மிளகுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன வாரம் அது. செருப்பைக் கவ்வ அவனுக்குத் தெம்பு இல்லை. நான் வேண்டுமென்றே கதவருகே நின்று "போயிட்டு வாரேன்" என்று சொல்லிப் பார்த்தேன். தலையைத் தூக்கினான், அவ்வளவுதான். நானே ஒரு செருப்பைக் கொண்டுபோய் அவன் மோவாய்க்குக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன்.

அன்றைக்கு வந்தது ஒரு இன்ஃப்ளூயன்சர் பெண். என் வயதுதான். அவளுடைய ஷிட்ஸூ நாய்க்குட்டிக்கு இன்ஸ்டாகிராமில் தனிப் பக்கம் உண்டாம். ரிங் லைட், டிரைபாட் எல்லாம் கொண்டுவந்திருந்தாள். மூன்று முறை அழுதாள். முதல் முறை வெளிச்சம் சரியில்லை, இரண்டாம் முறை மல்ஹோத்ரா ஜி குறுக்கே வந்துவிட்டார், மூன்றாம் முறை கண்மை கரையவில்லை. நாலாவது தடவை பின்னணியில் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு, கைகூப்பி நிற்கச் சொன்னாள். நின்றேன். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்த அந்தச் சின்ன உடம்பைப் பார்த்ததும், வீட்டில் செருப்பின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு படுத்திருப்பவன் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அவள் கேமராவை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"தீதி, ப்ளீஸ், கொஞ்சம் குறைச்சுக்குங்க, நாய் என்னுது."

வாசல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது, மிளகு போனான். அப்பளச் சத்தத்துக்கு எழுந்து வராததால்தான் கவனித்தோம். அப்பா அவனைத் தன் பழைய ஸ்வெட்டரில் சுற்றினார். டாக்ஸிக்காரர் நாயென்றால் ஏற்றமாட்டார் என்று, அவர் ஏதாவது கேட்பதற்குள் ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் யாரும் பேசவில்லை. வாயைத் திறக்காமல் கிளம்பித்தான் எங்களுக்குப் பழக்கமாயிற்றே.

எனக்கு லீவு நாள். ஆனாலும் உள்ளே நுழைந்ததும் கால் தானாக என் மேஜைக்குப் பின்னால் போயிற்று. தினேஷ் பையா என் தோளைத் தொட்டு, வந்தவர்கள் நிற்கும் பக்கம் திருப்பி நிறுத்தினார். பெயர் கேட்டார். "மிளகு" என்றாள் அம்மா. பையா காதில் விழுந்ததை எழுதினார். கன்னங்கரேலென்ற நாய்க்கு 'மில்க்' என்று சீட்டு. அதைப் பார்த்து அம்மா சிரித்தாள். சிரித்தபடியே உட்கார்ந்து அழுதாள்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு அறைக்குள் போனோம். குடும்பத்தார் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நாசூக்காக அறிவிப்பது என் வேலை. மல்ஹோத்ரா ஜி எழுதிக்கொடுத்த அந்த வாக்கியத்தை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அன்றைக்கு அதைப் பையா சொன்னார். மூன்று பேரும் நின்றோம். ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதையும் வீட்டில் சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷம் ஒருவரையொருவர் அதட்டி வைத்திருந்தோம். பையா அடுப்புக் கதவின் கைப்பிடியில் கையை வைத்தார். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"ஏலே மிளகு, போயிட்டு வாரேன்லே."

போவது யார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. சொன்ன மறு நொடி, யாரும் சொல்லிவைக்காமலே, நாங்கள் மூன்று பேரும் திரும்பி வாசலைப் பார்த்தோம். அப்பாவின் செருப்பு, அம்மாவுடையது, என்னுடையது. எல்லாம் ஜோடி ஜோடியாக, கழற்றி வைத்தது வைத்தபடி கிடந்தன. பையாவும் எங்களோடு எட்டிப் பார்த்தார். பிறகு, எத்தனையோ குடும்பங்களிடம் சொல்லிப் பழகிய குரலில், ஆறுதலாகச் சொன்னார்.

"கவலைப்படாதீங்க அங்கிள் ஜி, இங்கே செருப்பு திருடறவங்க யாரும் இல்லை."

இப்போதெல்லாம் "போயிட்டு வாரேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, ஜோடி குறையாத செருப்பை மாட்டிக்கொண்டு, தினமும் சரியான நேரத்துக்கு ஆபீஸ் போய்விடுகிறேன். மல்ஹோத்ரா ஜிக்கு என் வேலையில் ரொம்பத் திருப்தி.