பசப்பாவுக்கு ஒரு கூடை

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு மஞ்சுளா நீண்ட லீவு முடிந்து வந்திருந்தாள். ஏன் இத்தனை நாள் என்றேன். "அப்பா தீர்கொண்டரு அக்கா" என்றாள். ஓசூரில் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். என் கன்னடம் 'ஊட்டா ஆய்த்தா' என்று சாப்பாடு விசாரிப்பதைத் தாண்டியதில்லை. "என்னத்தத் தீத்துக்கினாரு?" என்று கேட்டுத் தொலைத்தேன். "செத்துப்போயிட்டாருக்கா" என்று அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மனசு எங்கள் ஊர் பாரூருக்கு ஓடிவிட்டது.

கார்கில் சண்டையின்போது சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். கன்னடக்காரர்களோடு கிடந்து அவர் தமிழில் பாதி கன்னடம். கடிதத்தில் உருளைக்கிழங்குகூட 'ஆலுகட்டே'தான். எல்லாக் கடிதத்திலும் கூட்டாளி பசப்பா வருவார், மண்டியா பக்கத்துக்காரர். வீட்டில் கடிதம் வாசிக்கும் மேதை பத்து வயது நான். ஒருமுறை 'பசப்பா தீர்கொண்டான்' என்றிருந்தது. "பசப்பாவுக்கு சர்வீஸ் தீந்துபோச்சாம், ஊருக்குப் போயிட்டாராம்!" என்று அறிவித்தேன். அம்மா பாயசமே வைத்துவிட்டாள்.

லீவில் வந்த சித்தப்பாவிடம், "பசப்பாவையும் இட்டாந்திருக்கலாமில்ல தம்பி?" என்றாள். சித்தப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "வருவான் அண்ணி" என்றார். இந்த வீட்டிலாவது அவன் உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்புறம் வருடா வருடம் மாம்பழக் காலத்தில் அம்மா பசப்பாவுக்கென்று ஒரு கூடை கட்டுவாள். சித்தப்பா அதோடு மண்டியாவுக்கு பஸ் ஏறிப் போய், பை நிறைய அச்சுவெல்லத்தோடு திரும்புவார். அந்த வாசனை ஒரு மாதத்துக்கு அடுக்களையை விட்டுப் போகாது.

சித்தப்பா கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனுஷர். ரெண்டு வருடத்துக்கு முன் திடீரென்று போய்விட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குப் பசப்பா மேல்தான் ஆத்திரம். "எத்தன கூட மாம்பழம் தின்னவன்! சாவுக்கு எட்டிப் பாத்தானா?"

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சொன்னேன். "அவரத் திட்டாதம்மா. அவரு சண்டையிலயே செத்துட்டாரு. நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

அம்மா நம்பவில்லை. "அப்ப வெல்லம் யாரு குடுத்தனுப்புனது?"

"அவங்கம்மாவா இருக்கும்."

அம்மா "அய்யோ, அந்தம்மா ரெண்டு வருசமா வழி பாத்துக்கினு இருக்குமேடி" என்று எழுந்து போனாள்.

கூடை கட்டியாயிற்று. மண்டியா பக்கம் எந்த ஊர் என்று சித்தப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.