மரவள்ளி அவியும் நாளில் இஞ்சி

எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவியும் நாளில் நான் நேராகச் சமையலறைக்குள் போய்விட முடியாது. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து மாமியின், அதாவது என் மாமியாரின், குரல் வரும். “பிள்ளை, கையை வடிவாக் கழுவிப்போட்டு வாரும்.” நகக்கண்வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் அனுமதி. காரணம், நான் நாள் முழுக்க இஞ்சியோடு புழங்குகிறவள். உணவில் நஞ்சை உண்டாக்கும் கிருமிகளை இஞ்சி, கறுவா, கொறக்காப் புளி போன்றவற்றின் சாறு எவ்வளவு தூரம் தடுக்கிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. மரவள்ளியும் இஞ்சியும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ஆள் முடிந்தான் என்பது இந்தத் தீவு முழுவதும் ஒப்புக்கொண்ட விஷயம். எத்தனையோ காரியங்களுக்கு அடித்துக்கொண்ட சனங்கள், இதில் மட்டும் தமிழர் சிங்களவர் முஸ்லிம் என்ற பேதமில்லாமல் ஒரே கட்சி.

மார்த்தாண்டம் பக்கமிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நாம் மரச்சீனி என்று சொல்லும் அதே கிழங்குதான். அதை மசித்து மயக்கி, சாளை மீன் கறி ஊற்றித் தின்றுவிட்டு, மேலே சுக்கும் கருப்பட்டியும் போட்ட காப்பியைக் குடித்து வளர்ந்த வயிறு என்னுடையது. சென்னையில் படிக்கும்போது ரூபனோடு பழகி, கல்யாணம் முடித்து, கொழும்புக்கு வந்தபோது, பக்கத்து நாடுதானே, அங்கேயும் தமிழ்தானே என்று நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அந்த நினைப்பில் மண் விழுந்தது. கன்டீனில் அவித்த மரவள்ளியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் கொடுத்தார்கள். ஊர் ருசி வந்த சந்தோஷத்தில் பிளாஸ்கைத் திறந்து இஞ்சித் தேநீரை ஊற்றினேன். எதிரே இருந்த சக ஊழியர் நில்மினி பாய்ந்து என் கையைப் பிடித்து, “எப்பா, எப்பா” என்றாள். நம்மூர் ஆட்கள் வியந்து சொல்வதுபோல அவளும் என்னவோ வியக்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். சிங்களத்தில் அதற்கு வேண்டாம் என்று பொருள். நுண்ணுயிரியலில் பட்டம் வாங்கிய பெண், கிருமித் தட்டுகளைக் கூசாமல் கையாளுகிறவள், என் தேநீரைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டில் இந்தப் பயத்துக்கு ஒரு தனிக் கதை இருந்தது. ரூபன் சிறு பிள்ளையாக இருந்தபோது, சண்டைக்குப் பயந்து குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ரூபனின் அப்பாவின் தங்கை வீட்டில் ஒதுங்கியிருந்தது. அவர் ஒரு கத்தோலிக்கரைக் காதலித்துக் கட்டியவர். கணவர் துறைமுகத்தில் கிளார்க். வீட்டில் எல்லோரும் அவரைக் கொட்டாஞ்சேனை மாமி என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு நாள் மதியம் என் மாமி மரவள்ளி அவித்துக் கொடுத்திருக்கிறார். பின்னேரம் கொட்டாஞ்சேனை மாமி குழந்தைக்கு இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீர் பருக்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, துவண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அன்றே என் மாமி மூட்டையைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் ஓர் அறைக்கு மாறிவிட்டார். அன்றிலிருந்து நாத்தனார் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைத்ததில்லை. என்னிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், “கொல்லப் பாத்தவ” என்றுதான் முடிப்பார்.

அந்தக் கொட்டாஞ்சேனை மாமி இப்போது வீட்டைக் கொடுத்துவிட்டு மகனோடு கனடாவுக்கே போய்விடப் போகிறார் என்று சேதி வந்தது. போனால் இனி வரமாட்டார். வழியனுப்ப ரூபன் தாயைக் கூப்பிட்டார். வருகிறேன், ஆனால் வாசலோடு நின்றுவிட்டு வந்துவிடுவேன் என்றார் மாமி. ரூபனின் முகம் விழுந்துவிட்டது. தன்னை வைத்துப் பிரிந்த இரண்டு பேர், கடைசி வரைக்கும் அப்படியே பிரிந்து போகப்போகிறார்கள் என்பது அவருக்குப் பெரிய பாரம். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பெட்டி அடுக்க உதவும் சாக்கில் நான் தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால் கோயில் மணியும் துறைமுகத்து லொறிகளும் சேர்ந்து கேட்கும் வீடு. துணி மடித்துக்கொண்டே, அன்றைக்கு ஏன் இஞ்சித் தேநீர் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது. மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “வயித்துக்குத்து எண்டு அழுதவன் பிள்ளை. அதுக்குத்தானே குடுத்தனான்.” எனக்குச் சுரீர் என்றது. அப்படியானால் நோவு முதலில் வந்திருக்கிறது, இஞ்சி பிறகுதான் உள்ளே போயிருக்கிறது. வீட்டுக்கு வந்து சும்மா பேச்சுக்கொடுத்து மாமியின் வாயைக் கிளறினேன். அன்று தனக்கும் தலை சுற்றியது என்றார், பதற்றத்தில் வந்ததாம். அவரும் கிழங்கு தின்றிருக்கிறார், ஆனால் இஞ்சி குடிக்கவில்லை.

படித்த படிப்பு சும்மா விடுமா? மரவள்ளிக்குள்ளேயே சயனைட் ஒளிந்திருக்கிறது என்பது எங்கள் துறையில் பாலபாடம். கிழங்குக்குக் கிழங்கு அதன் அளவு மாறும். பாமன்கடைப் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையில் கிழங்கு வாங்கி, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், நில்மினியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நான்கு சட்டி வைத்தேன். இரண்டில் நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்து அவித்து, அந்த நீரைக் கொட்டினோம். மற்ற இரண்டில் கொஞ்சத் தண்ணீர் விட்டு மூடி, நீர் வற்றும்வரை அவித்தோம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் இஞ்சி போட்டோம். அதைத் துருவும்போது நில்மினி கதவோரம் போய் நின்றாள். சயனைட் ஆவி பட்டால் நிறம் மாறும் மஞ்சள் தாள் ஒன்று உண்டு. ஒவ்வொரு சட்டிக் கிழங்கிலும் கொஞ்சம் எடுத்து, தாளோடு சேர்த்துக் குப்பியில் அடைத்து வைத்தோம். மறுநாள் பார்த்தால், இஞ்சி போட்டதற்கும் போடாததற்கும் எங்கள் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. திறந்து அவித்த இரண்டிலும் தாள் ஏறக்குறைய மஞ்சளாகவே இருந்தது. மூடி அவித்த இரண்டிலும் பாலில்லாத வெறுந்தேநீர் நிறத்துக்குப் போயிருந்தது. நான்கு சட்டியை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இதை ஆய்வு என்று சொன்னால் எங்கள் தலைமை விஞ்ஞானி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனாலும் அந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்குள் ஒரு துள்ளல் துள்ளியது, அதை மறைப்பானேன்.

வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போதுதான் துள்ளல் அடங்கியது. இஞ்சி தப்பியது, சரி. இஞ்சி இல்லையென்றால் குற்றம் கிழங்குச் சட்டிக்குப் போகும். சட்டியை அடுப்பில் வைத்தவர் யார்? பாதியை மட்டும் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு, கை கழுவி, சமையலறைக்குப் போய், இஞ்சியால் நஞ்சு ஏறவில்லை மாமி, சோதித்துப் பார்த்தோம் என்றேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவது நிற்கவில்லை. என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“சட்டியை மூடி அவிச்சா?”

இத்தனை வருஷமாக மாமி சட்டியைத் திறந்தே அவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எப்போதிலிருந்து அப்படிச் செய்கிறார் என்று கேட்கத்தான் தோன்றவில்லை. பொய் சொல்லியிருக்கலாம், நா வரவில்லை. மூடி, தண்ணீரும் குறைவாக வைத்தால் நஞ்சு போகாமல் தங்கும் என்றேன். மாமி துருவிய தேங்காயை வழித்துப் போட்டுவிட்டு, குழாயைத் திறந்து கையைக் கழுவினார், வெகு நேரம். பிறகு சில நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஆராய்ச்சியை ஆய்வுகூடத்தோடு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ரூபனும் கடிந்துகொண்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று மனம் நொந்துபோனேன்.

கொட்டாஞ்சேனைக்குப் புறப்படும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், அடுப்பில் பெரிய சட்டி, மூடியில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. மாமி கிழங்கை டிபன் கரியரில் அடுக்கினார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அங்கே போனதும் வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே போய், மேசையில் கரியரைத் திறந்து வைத்து, கைப்பையிலிருந்து ஒரு துண்டு இஞ்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கொட்டாஞ்சேனை மாமி அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரூபன் துவண்டுவிழுந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் இஞ்சியே வாங்கியதில்லை என்று பின்னால் தெரிந்தது.

“இதைப் போட்டுத் தேத்தண்ணி ஊத்துங்கோ மச்சாள்,” என்றார் மாமி. “அண்டைக்கு மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. கெதியா அவியட்டும் எண்டு நான்தான் சட்டியை மூடி வச்சனான்.”

கொட்டாஞ்சேனை மாமி இஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்னத் துண்டுக்குத் தேவையானதைவிட அதிக நேரம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தேநீரோடு வந்தவர், “ஆறிப்போக முன்னம் குடியுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

மாமி ஒரு துண்டுக் கிழங்கைச் சம்பலில் தொட்டு வாயில் போட்டு மென்றார். தேநீரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்தார். கொட்டாஞ்சேனை மாமியும் சாப்பிட்டுக் குடித்தார். அந்த நஞ்சிலிருந்து பிழைத்த ரூபன் இரண்டாவது கப் கேட்டார். இரண்டு கிழவிகளும் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டார்கள். அப்போதுதான் மாமி என் பக்கம் திரும்பினார். என் தட்டில் கிழங்கு முடிந்திருந்தது. தேநீர்க் கப் குடிக்காமலே கையில் இருந்தது.

“என்ன பிள்ளை, உங்கட ஊரில ரெண்டும் சேத்துத்தானே சாப்பிடுறது எண்டு சொன்னனீர்?”

நான்கு சட்டி வைத்துப் பார்த்தவள் நான். மார்த்தாண்டத்துச் சுக்குக் காப்பியில் வளர்ந்தவளும் நான். “ஓம் மாமி,” என்றேன். கப்பை உதட்டருகே கொண்டுபோனேன். இஞ்சி வாசனை ஊர் வாசனையாகவே இருந்தது. வாய்தான் திறக்க மறுத்தது.