பொட்டும் சளியும்

சார், அன்று கருத்தரங்கில் நீங்கள் பொய் சொன்னீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் உங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். தொம்மலூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். தக்காளிச் செடியை வாடவைத்துக் கொல்லும் பாக்டீரியாவைத் தட்டுகளில் வளர்ப்பதும், அடிக்கடி புதுத் தட்டுக்கு மாற்றுவதும் என் வேலை. அப்படி வளர்த்து வைப்பதைக் கல்ச்சர் என்பார்கள். தட்டில் அது இரண்டு விதமாக வளரும். ஒன்று வெள்ளையாக வழவழவென்று ஒழுகும். அதற்குச் சளி என்று பெயர் வைத்தேன். இன்னொன்று சின்னதாக, வட்டமாக, அடர்சிவப்பாக இருக்கும். அது பொட்டு. தட்டின் மூடியில் அப்படியே தமிழில் எழுதியும் வைப்பேன்.

ஒருநாள் எட்டிப் பார்த்தீர்கள். "இதென்னம்மா கலீஜு? நீட்டா, ரவுண்டா இருக்கறத மட்டும் எடுத்து மாத்து."

மாற்றினேன். அதற்குப் பிறகு, சோதனைக்காக அதை ஊசியால் ஏற்றிய செடிகளில் ஒன்றுகூட வாடவில்லை.

"கல்ச்சரையே சாகடிச்சிட்டியே!" என்று எல்லார் முன்னாலும் கத்தி, என்னைப் பாட்டில் கழுவ அனுப்பினீர்கள்.

முன்பே கொஞ்சம் சளியை வெறும் தண்ணீரில் கலந்து மூடி வைத்திருந்தேன். அதை மறுபடி வளர்த்து ஒரு வரிசைச் செடிகளில் ஊசியால் குத்தி ஏற்றினேன். பக்கத்து வரிசையில் பொட்டு. சளி வரிசை சில நாட்களில் தொங்கிவிட்டது. பொட்டு வரிசை பூ விட்டது. நோட்டில் எழுதிக் கொண்டுவந்து காட்டினேன்.

"சளி, பொட்டுன்னு சயின்ஸ் பண்ண வந்துட்டா பாரு."

"பொட்ட எடுக்கச் சொன்னதே நீங்கதானே சார்?"

நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டீர்கள்.

பிறகு அந்தக் கருத்தரங்கு. நான் டீ கொடுக்க நின்றிருந்தேன். திரையில் என் தட்டு. பாக்டீரியா கூட்டமாகச் சேர்ந்ததும் நோய் உண்டாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் ஒன்று உண்டு, அது பழுதானால் வழவழப்பும் போகும், கொல்லும் திறனும் போகும் என்று விளக்கினீர்கள். சரிதான். அந்தப் புரதத்தைக் கண்டது நீங்கள். அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால், "தட்டில் இந்த வித்தியாசத்தை முதலில் கவனித்தது நான்" என்றீர்களே?

மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் கேட்டார்.

"அதுவா? ஏதோ ஸ்டோர்ல போட்ட குறி."

கல்ச்சரைக் கொன்றவள் என்றுதான் அங்கே இன்னும் என்னைச் சொல்கிறார்கள். அதே அரங்கில், எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள் சார். பொட்டை எடுக்கச் சொன்னது யார்? மூடியில் இருந்தது யார் கையெழுத்து?