மூன்று பந்தும் தம்பியின் மூச்சும்

தம்பி நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. தம்பியின் மகள், "அத்தை, நீங்கதான் எழுதணும்" என்று கேட்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் எனக்குப் பின்னால் பிறந்தவர் தம்பி. நைனா கடலில் தவறிய பிறகு சின்ன வயதிலேயே படகேறிச் சம்பாதித்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். என்னைக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். யாருடைய வலை கடலடியில் பாறையில் மாட்டினாலும் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சை அடக்கி இறங்கி எடுத்துக் கொடுப்பார். குடி கிடையாது. கோபம் உண்டு, உடனே ஆறிவிடும்.

பிறகு இதயம் வலுவிழந்தது. கால் வீங்கியது, வாசல் வரை நடந்தாலே இரைத்தது. வேறு இதயம்தான் வைக்க வேண்டும், கிடைக்கும்வரை காத்திருங்கள் என்று சென்னையில் டாக்டர்கள் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்து, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். குழாயை வாயில் வைத்து இழுத்தால் பந்து மேலே ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கவும், மூச்சு மிஷினை விட்டுச் சீக்கிரம் வரவும் இந்தப் பழக்கம் வேண்டுமாம்.

தம்பி வெடுக்கென்று இழுத்து, மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டார். கடலில் பழகிய பழக்கம். கண் சொருகிக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். அந்தப் பெண் பயந்துபோனார்.

"அண்ணா, யாரு உங்கள அடக்கச் சொன்னது? மெதுவா இழுங்க, மெதுவா விடுங்க."

"இன்னாம்மா நீ, அடக்காத மூச்சு ஒரு மூச்சா?" என்றார் தம்பி.

தம்பி மனைவி விடவில்லை. "இங்க இன்னா வலையா மாட்டிக்கினு கீது? அந்தப் பொண்ணு சொல்றத கேளுய்யா."

தம்பிக்கு வெட்கமாகிவிட்டது. என்னைப் பார்த்து, "யக்கா, இத்தினி வயசுக்கும் மூச்சு வுடத் தெரியாதவனா இருந்துகிறேன் பாரு" என்றார்.

அதன் பிறகு காலையும் மாலையும் தவறாமல் செய்தார். வயிற்றில் கை வைத்து, வயிறு எழும்ப இழுப்பார். ஆபரேஷன் தையல் வலிக்காமல் இருக்க, தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமவும் பழகினார். மூன்றாவது பந்து பாதிக்கு மேல் ஏறவே இல்லை. அந்தப் பெண் அதுவே போதும் என்றார்.

இதயம் கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து தொண்டைக் குழாயை எடுத்தபோது, யாரும் சொல்லாமலே நிதானமாக மூச்சு விட்டாராம், நர்ஸ் சொன்னார். அதன் பிறகு சில வருஷங்கள் கரையில் உட்கார்ந்து வலை தைத்தார், மகள் கல்யாணத்தைப் பார்த்தார். கடைசியில் நுரையீரலில் கிருமி தொற்றியது. ஆஸ்பத்திரியிலும் அந்த டப்பாவைக் கேட்டு வாங்கினார். நோய் முந்திக்கொண்டது.

ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், வண்டி எடுத்து வந்தவர்களுக்கும், பயிற்சி கொடுத்த பெண்ணுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதயம் கொடுத்த வீட்டார் யாரென்று எங்களுக்குச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் இறந்தவர் ஆணா பெண்ணா என்றும் தெரியாது. தம்பியோடு அந்த இதயமும் நின்றது. அதனால் படையலில் இரண்டு இலை போடுகிறோம். இன்னொன்று யாருக்கு என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அவர் மீன் சாப்பிடுபவரா என்று தெரியாததால், அந்த இலையில் மீன் வைக்கவில்லை.