ஈயச் சன்னம் போய்ச் செம்புச் சன்னம் வந்த வருடம்

வேட்டைக் கடையில் சாமான் விற்பது லேசு. வருகிறவர் தகப்பன் காலத்திலிருந்து பிடித்துவைத்திருக்கும் பழக்கத்தை மாற்றச் சொல்வதுதான் வில்லங்கம். கடையில் நின்று கால் வீங்கிய சகோதரங்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

றப்பர் சப்பாத்து

நான் டெனிஷ் நகரமான வைலேயில் ஒரு வேட்டைக் கடையில் நிற்கிறேன். பின்பக்கத் தட்டு என் பொறுப்பு. சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக் கோதுக்குள் புது வெடிமருந்து போட்டு, முனையில் பாய்ந்துபோகும் புதுச் சன்னம் பொருத்தி, தங்கள் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்ளும் வேட்டைக்காரர்களுக்கான தட்டு அது. எந்த வேட்டைத் துவக்குக்கு எந்தச் சன்னம், அந்தச் சன்னத்துக்கு எந்த மருந்து என்று கேட்பார்கள். நான் உற்பத்தியாளரின் புத்தகத்தைப் பார்த்து, துவக்கையும் பார்த்து, ஆளையும் பார்த்துச் சொல்வேன். இதற்கு முன்னர் களஞ்சியம் ஒன்றில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தேன். பெட்டி எதையும் கேட்காது. மனிதர்கள் கேட்கும் இந்த வேலை எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று.

அப்படியிருக்க, வேட்டைக்கு ஈயச் சன்னம் கூடாது என்று சட்டம் வந்தது. ஈயத் துகள் இறைச்சியோடு நம் வயிற்றுக்குள்ளும், காட்டில் விட்டுவரும் குடலோடு பருந்துகளின் வயிற்றுக்குள்ளும் போகிறதாம். நல்ல சட்டம்தான். ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் செம்புச் சன்னத்தைக் கண்டு முகத்தைச் சுழித்துக்கொண்டு போனார்கள். தட்டில் தூசி ஏறியது. முதலாளி மோன்ஸ் நல்ல மனிதர், ஆனால் தூசியைப் பொறுக்கமாட்டார். மே மாதத்து ஆண்மான் வேட்டை வரைக்கும் பார்ப்போம், அதற்குள் இவர்கள் மாறாவிட்டால் தட்டைக் கழற்றிவிடலாம் என்றார். தட்டுப் போனால் நானும் களஞ்சியத்துக்குத்தான். அந்த இடத்தில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"றப்பர் சப்பாத்து. காலில போட்டாச் சரி, அதுக்கு ஆரும் விளக்கம் கேக்கிறேல்லை, சிவா."

அதே எடை

எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்களுக்கு ஐனார்தான் தலை. பன்றிப் பண்ணை வைத்திருந்து ஓய்ந்தவர். அவர் வாங்கினால் அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் வாங்குவார்கள். அவர் வாங்காவிட்டால் எட்டியும் பார்க்கமாட்டார்கள். அவர் பேசுவது யூட்லாந்து டெனிஷ். அதை நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதுவேன். வாயைத் திறக்காமலே முழு வசனத்தையும் சொல்லிமுடிப்பதில் யூட்லாந்துக்காரரும் யாழ்ப்பாணத்தாரும் ஒன்று. டெனிஷில் சின்னவர் பெரியவர் இல்லை, எல்லோரும் ஒன்றுதான். ஆனாலும் அவரை "நீ" என்று எழுத எனக்குக் கை வராது.

ஐனார் வந்து, ஈயத்தில் எவ்வளவு எடையோ அதே எடையில் செம்பு தா என்றார். நீண்ட காலம் ஈயத்தில் பழகியவர்கள்தான் இந்தப் பிழையை விடுவார்கள். ஈயத்தைவிடச் செம்பு பாரம் குறைந்தது. அதே எடைக்குச் செய்தால் சன்னம் நீண்டுவிடும். உங்கள் பழைய குழலின் உள்ளே வெட்டியிருக்கும் புரி நீண்ட சன்னத்தைப் போதிய அளவு சுழற்றாது, எடையைக் குறையுங்கள் என்றேன். நீண்ட சன்னம் கோதுக்குள் இடத்தையும் பிடிக்கும், ஆகவே பழைய மருந்து அளவைக் கனவிலும் போடவேண்டாம், புத்தகத்தில் உள்ள தொடக்க அளவிலிருந்து மெல்ல ஏறுங்கள் என்றும் சொன்னேன். மருந்து விஷயத்தைக் கேட்டார், எடை விஷயத்தைக் கேட்கவில்லை. அடுத்த கிழமை இலக்குத் தாளோடு வந்து நின்றார். தாளில் வட்ட ஓட்டைகளைக் காணோம். சன்னங்கள் பக்கவாட்டில் உருண்டுபோய்க் கிழித்த நீட்டுக் கிழிசல்கள்தான். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்:

"என்ர துவக்குக்கு ஒண்டுமில்லை. உன்ர செம்புக்குத்தான் ஏதோ வருத்தம்."

கோயில் வாணம்

என் வேலையைப் பற்றி இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஒரே ஒரு விளக்கம்தான்: சிவா வெடிமருந்து விற்கிறான். ஒருநாள் தாமோதரம் அண்ணை கடைக்கே வந்துவிட்டார். கோயில் நிர்வாகசபையில் இருக்கிறவர். திருவிழாவுக்கு வாணம் விடவேண்டும், கடைகளில் விற்பது புஸ்ஸென்று போகிறது, உன்னிடம் இருப்பதில் கொஞ்சம் தந்தால் நாங்களே அடைத்துக்கொள்கிறோம் என்றார். குரலை வேறு தாழ்த்திக்கொண்டார். பக்கத்தில் தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த டெனிஷ்காரர் மெல்ல நகர்ந்து போனார்.

அண்ணை, அனுமதிப் பத்திரம் இல்லாமல் இதை ஒருவருக்கும் கொடுக்கேலாது, கொடுத்தாலும் உங்கள் வாணம் எழும்பாது என்றேன். இந்த மருந்து திறந்த வெளியில் சும்மா எரியும். கோதுக்குள் அடைபட்டு எரியும்போதுதான் சன்னத்தைத் தள்ளும். மெதுவாக எரிவது பாரச் சன்னத்துக்கு, கெதியாக எரிவது இலேசான சன்னத்துக்கு. பால் காய்ச்சவும் தோசை சுடவும் அடுப்பை வேறுவேறாக வைப்பதுபோல என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு கம்பளிக் காலுறை வாங்கிக்கொண்டு போகும்போது கவலையோடு திரும்பிப் பார்த்தார்.

"வெடிக்காத மருந்தை வித்து என்னெண்டு தம்பி பிழைக்கப்போறாய்?"

எனக்கும் அந்தக் கிழமை அதே கவலைதான்.

லிஸ்

லிஸ் பல் வைத்தியர். வேட்டைச் சோதனையும் துவக்குச் சோதனையும் அப்போதுதான் சித்தியடைந்திருந்தார். தன் தோட்டாவைத் தானே செய்யவேண்டும் என்று ஆசை. நான் இலேசான செம்புச் சன்னத்தையும் அதற்கேற்ற, சற்றுக் கெதியாக எரியும் மருந்தையும் காட்டினேன். ஏன், எதற்கு என்று நூறு கேள்வி கேட்டார், ஆனால் ஒருமுறைகூட "முந்தி இப்பிடி இல்லையே" என்று சொல்லவில்லை. எனக்குக் கும்பிடவேண்டும் போல இருந்தது.

இரண்டு கிழமை கழித்து அவர் கொண்டுவந்த தாளில் ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. மோன்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த நேரம் ஐனாரும் கடையில் நின்றார். காலுறைகளைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டு, காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார். இவ்வளவு கெதியாக எப்படிப் பிடித்தாய் என்று மோன்ஸ் லிஸிடம் கேட்டார்.

"எனக்கு மறக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை, அதுதான்."

அயல்வீட்டுக்காரன்

ஏப்ரல் முடிய றப்பர் சப்பாத்துப் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. மோன்ஸ் அவற்றை என் தட்டுக்கு முன்னால் கூரை வரை அடுக்கினார். என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போனார். அன்று நான் தட்டின் தூசியை இரண்டு முறை துடைத்தேன்.

மறுநாள் கடை திறந்தவுடன், வேறு ஆள் வருமுன், ஐனார் வந்தார். பெட்டிகளுக்கும் தட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் நுழைந்தார். அந்தப் பல் வைத்தியர் வாங்கியது என்ன என்று கேட்டார். அவருடைய துவக்கு வேறு, உங்கள் துவக்கு வேறு, உங்களுக்கு நான் வேறு தெரிந்து தருகிறேன் என்று சொல்லி, அவருடைய பழைய குழலுக்குப் பொருந்தும் இலேசான சன்னத்தையும் மருந்தையும் எடுத்து வைத்தேன். அவர் அவசரமாக அவற்றைக் கோட்டுக்குள் வைத்தார்.

"இது எனக்கில்லை. அயல்வீட்டுக்காரனுக்கு."

இலக்குத் தாள்

அயல்வீட்டுக்காரனின் தோட்டாவைச் சுட்டுப்பார்க்க ஐனாரே போனார். சன்னம் உன்னுடைய தெரிவு, நீயும் வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சுடும் திடலுக்குப் போவதை நான் எப்போதும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தவன். இவ்வளவு நாளும் வாடிக்கையாளர்களின் தாள்களைப் பார்த்தே தொழில் பழகினேன். சின்ன வயதில் எங்கள் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் ஒரே ஒரு வேலைதான்: விழுந்து படுப்பது, பிறகு ஓடுவது. காது மூடி போட்டும் முதல் வெடிக்கு நான் நிலத்தில் குந்திவிட்டேன். ஐனார் கண்டார், காணாததுபோல அடுத்த தோட்டாவைப் போட்டார்.

சுட்டு முடிந்ததும் இருவரும் நூறு மீற்றர் நடந்தோம். வெடிச்சத்தம் கேட்டபின் ஓடாமல், எங்கே பட்டது என்று பார்ப்பதற்காக நான் நடந்துபோனது அதுதான் முதல் தடவை. அந்த நடை எனக்கு இன்னும் காலில் இருக்கிறது. தாளில் வட்டமான ஓட்டைகள், ஐனாரின் புகையிலை டப்பா மூடியால் மூடிவிடக்கூடிய அளவுக்கு ஒட்டி ஒட்டி நின்றன. அவர் மூடியை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்துப் பார்த்தார்.

"அயல்வீட்டுக்காரன் சந்தோசப்படுவான்."

ஆண்மான் வேட்டையின் முதல் நாள்

அன்று காலை கடையில் நானும் மோன்ஸும் ஆளுக்கொரு கோப்பியோடு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றோம். பத்து மணிபோல ஐனாரின் வண்டி வந்தது. பின்னால் கூட்டாளிகளின் வண்டிகள். ஐனார் நேரே என் தட்டுக்கு வந்து, அன்று விடிய சுட்ட மானுக்குள்ளிருந்து எடுத்துக் கழுவித் துடைத்த செம்புச் சன்னம் ஒன்றை மேசையில் வைத்தார். முனை மட்டும் பூப்போல விரிந்து, ஒரு துகளும் சிந்தாமல் இருந்தது. பக்கத்தில் கடதாசியில் சுற்றிய மான் தொடை இறைச்சி. என் மனைவி ரஜனிக்காம். செம்பு எப்படி என்று மோன்ஸ் கேட்டார். ஐனார் ஆற அமர யோசித்தார்.

"இதைவிட மோசமாய்ப் போயிருக்கலாம்."

யூட்லாந்தில் இதற்கு மேல் பாராட்டுக் கிடையாது. கூட்டாளிகள் என்னைச் சுற்றி நெருக்கினார்கள். என்னுடைய குழலுக்கு எது, எனக்கு எந்த மருந்து என்று ஒரே நேரத்தில் கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்து மோன்ஸின் குரல் கேட்டது.

"அந்தச் சப்பாத்துகளை வாசலடிக்குக் கொண்டுபோ, சிவா. இங்க ஆக்கள் நிக்க இடமில்லை."

றப்பர் சப்பாத்துகள் இன்றும் வாசலடியில்தான் நிற்கின்றன. மோன்ஸ் சொன்னது சரிதான், இதுவரை ஒருவரும் அவற்றைப் பற்றி விளக்கம் கேட்கவில்லை.